உலோக வினைத்திறன், அமிலம், மின்னாற்பகுப்பு: மூன்றையும் ஒரே கேள்வியால் படிக்க முழுமையான வழிகாட்டி

பள்ளி வேதியியலில் இந்த மூன்று பாடங்களையும் பெரும்பாலான மாணவர்கள் மூன்று தனித்தனி மனப்பாடமாகச் சுமக்கிறார்கள். வினைத்திறன் வரிசைக்கு ஒரு பட்டியல், அமில வினைகளுக்கு ஒரு பட்டியல், மின்னாற்பகுப்பில் (மின்சாரம் செலுத்திச் சேர்மத்தைப் பிரிப்பதில்) எந்த முனையில் என்ன வரும் என்பதற்கு இன்னொரு பட்டியல். பட்டியலில் இல்லாத ஓர் உலோகமோ கரைசலோ வினாத்தாளில் வந்துவிட்டால் கை நின்றுவிடுகிறது.

மூன்றுக்கும் அடியில் கிடப்பது ஒரே கேள்விதான்: எலக்ட்ரானை யார் எளிதில் விடுவார், யார் வாங்கிக்கொள்வார்? இந்தக் கேள்வி கையில் இருந்தால் பட்டியல்களில் பெரும்பகுதி தேவைப்படாது.

கீழே உள்ள படிகளை வரிசை மாற்றாமல் செய்யுங்கள். மின்னாற்பகுப்பில் திணறும் மாணவரை உட்காரவைத்துப் பொறுமையாகக் கேட்டுப் பார்த்தால், சிக்கல் பெரும்பாலும் மின்னாற்பகுப்பில் இருப்பதில்லை. அயனியின் (மின்சுமை ஏறிய அணு அல்லது அணுக்கூட்டத்தின்) மின்சுமையை எழுதத் தெரியாமல் இரண்டு பாடம் முன்னாலேயே அவர் தவறியிருப்பார்.

1. தொடங்கும் முன் எடுத்து வைக்க வேண்டியவை

இங்கே வரும் செய்முறைகள் பள்ளி ஆய்வகத்தில், ஆசிரியர் அருகில் இருக்கும்போது செய்ய வேண்டியவை. கண்ணாடி அணியாமல் அமிலத்தைத் தொடவே கூடாது.

பொருட்கள்: மெக்னீசியம் நாடா, துத்தநாகத் துண்டுகள், இரும்பு ஆணிகள், தாமிரத் தகடுகள். இந்த நான்கின் சல்பேட் கரைசல்கள், ஒவ்வொன்றும் 0.1 மோலார் அளவில் (ஒரு லிட்டர் கரைசலில் எத்தனை மோல் என்பதே மோலார்). 1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம். மின்னாற்பகுப்புக்கு இரண்டு கிராஃபைட் கோல்கள், கவ்வியுள்ள கம்பிகள், ஓர் அம்மீட்டர், மின்தடை மாற்றி, 6 வோல்ட் மின்கலம். இவற்றோடு உப்புத்தாள். அதை மறக்காதீர்கள்.

உப்புத்தாளுக்கு ஏன் இவ்வளவு அழுத்தம்? காற்றுபட்ட உலோகத்தின் மேல் ஆக்சைடு படலம் இருக்கும். தேய்க்காத மெக்னீசியம் நாடா வினையைத் தாமதமாகத் தொடங்கும். தேய்த்த துத்தநாகம் உடனே தொடங்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் மாணவர், துத்தநாகத்துக்கே வினைத்திறன் அதிகம் என்று எழுதிவிடுவார். அவர் ஒப்பிட்டது உலோகங்களை அன்று, அழுக்கை.

இரும்பு ஆணியிலும் ஒரு பொறி உண்டு. துரு பிடிக்காதிருக்கத் துத்தநாகம் பூசிய ஆணிகள் நிறைய புழக்கத்தில் இருக்கின்றன. வெளிர்சாம்பல் நிறத்தில் மினுமினுப்பாக இருந்தால் அதைத் தவிர்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் இரும்பின் பெயரில் துத்தநாகத்தைச் சோதித்துக்கொண்டிருப்பீர்கள்.

அடர் அமிலத்தை நீர்க்கச் செய்வதை ஆசிரியரிடம் விட்டுவிடுங்கள். காரணம் மட்டும் தெரிந்திருக்கட்டும்: எப்போதும் நீரில்தான் அமிலத்தைச் சிறிது சிறிதாக, கலக்கிக்கொண்டே ஊற்ற வேண்டும். அடர் கந்தக அமிலம் நீரைவிட அடர்த்தி மிகுந்தது. அதன் மேல் நீரை ஊற்றினால் நீர் மேலேயே தங்கி, வெளிப்படும் வெப்பத்தில் அங்கேயே கொதித்து, அமிலத்தையும் சேர்த்துத் தெறிக்கும்.

சுவரில் உள்ள மின் இணைப்பை எந்தக் காரணத்துக்காகவும் கரைசலோடு இணைக்காதீர்கள். அது உயிரைப் பறிக்கும். அதோடு அது மாறுமின்னோட்டம். முனைகள் நொடிக்குப் பலமுறை இடம் மாறுவதால் எந்த முனையில் என்ன வந்தது என்று பிரித்துப் பார்க்கவும் வழியில்லை.

2. அயனியின் மின்சுமையைத் தயங்காமல் எழுதப் பழகுங்கள்

இந்தப் படியைத் தாண்டிக் குதிப்பவர்கள்தான் பிறகு எல்லா இடத்திலும் நிற்கிறார்கள். கற்க வேண்டியது மிகக் குறைவு.

ஒரு நேர்மின்சுமை: ஹைட்ரஜன், சோடியம், பொட்டாசியம், வெள்ளி. இரண்டு: மெக்னீசியம், கால்சியம், துத்தநாகம், தாமிரம், காரீயம். மூன்று: அலுமினியம். இரும்புக்கு இரண்டும் உண்டு, மூன்றும் உண்டு. எதிர்ப்பக்கம்: குளோரைடு, புரோமைடு, ஹைட்ராக்சைடு, நைட்ரேட் ஒன்று, ஆக்சைடு, சல்பேட், கார்பனேட் இரண்டு.

இவற்றை வைத்து வாய்பாடு எழுதுங்கள். நேர்மின்சுமையும் எதிர்மின்சுமையும் கூட்டினால் பூச்சியம் ஆக வேண்டும் என்பது மட்டுமே விதி. அலுமினியம் மூன்று, சல்பேட் இரண்டு. ஆகவே இரண்டு அலுமினியத்துக்கு மூன்று சல்பேட்.

அடுத்து, எலக்ட்ரானைக் கணக்கில் கொண்டுவாருங்கள். துத்தநாக அணு இரண்டு எலக்ட்ரானை விட்டால் துத்தநாக அயனி. தாமிர அயனி இரண்டு எலக்ட்ரானை வாங்கினால் தாமிர அணு. விடுவது ஆக்சிஜனேற்றம், வாங்குவது ஆக்சிஜனொடுக்கம். ஆக்சிஜன் பக்கத்திலேயே இல்லாத வினைக்கும் இந்தப் பெயர்கள்தான்.

இங்கே வரும் பெரிய பிழை, அணுவையும் அயனியையும் ஒன்றாக நினைப்பது. “காப்பர் சல்பேட் கரைசலில் தாமிரம் இருக்கிறது” என்று எழுதினால் படிப்பவருக்கு எது என்று தெரியாது. கரைசலில் இருப்பது நீல நிறம் தரும் தாமிர அயனி. தகட்டில் இருப்பது செம்பழுப்பு நிறத் தாமிர அணு. “அயனி” என்ற சொல்லை ஒவ்வொரு முறையும் எழுதும் பழக்கத்தை இப்போதே பிடித்துக்கொள்ளுங்கள்.

3. வினைத்திறன் வரிசையை நீங்களே கண்டுபிடியுங்கள்

வரிசையைப் புத்தகத்திலிருந்து மனப்பாடம் செய்வதற்கு முன், நான்கு உலோகங்களுக்காவது அதைச் சோதனையில் கண்டுபிடிக்க வேண்டும். கையால் கண்டது நினைவில் தங்கும் விதமே வேறு.

நான்கு உலோகம், நான்கு கரைசல் என்று பதினாறு கட்டம் போடுங்கள். ஓர் உலோகம் தன்னுடைய கரைசலில் இருக்கும் நான்கு கட்டங்களை அடித்துவிடுங்கள். மிச்சம் பன்னிரண்டு. ஒவ்வொரு சோதனைக்குழாயிலும் 3 மில்லி கரைசல் எடுத்து, தேய்த்த உலோகத் துண்டைப் போட்டு, குறைந்தது பத்து நிமிடம் விட்டுவையுங்கள். ஒரே நிமிடத்தில் “வினை இல்லை” என்று எழுதுவது இங்கே வழக்கமான தவறு.

நீங்கள் பார்க்கப்போவது இது. காப்பர் சல்பேட்டில் இரும்பு ஆணியைப் போட்டால் மேலே செம்பழுப்புப் படலம் படியும். நீலம் மெல்ல வெளிறி, நெடுநேரம் கழித்து வெளிர்பச்சையை நோக்கிப் போகும். அதே கரைசலில் துத்தநாகத்தைப் போட்டால் படிவது பெரும்பாலும் கறுப்பாக இருக்கும். “தாமிரம் சிவப்பல்லவா, இது வேறு ஏதோ” என்று மாணவர்கள் குழம்புவது இங்கேதான். அதுவும் தாமிரமே. மிக நுண்ணிய துகளாகப் படியும்போது ஒளியைச் சிதறவிடாமல் உறிஞ்சிக்கொள்வதால் கறுப்பாகத் தெரிகிறது.

மெக்னீசியத்தைப் போட்டால் படிவோடு குமிழியும் வரும். காப்பர் சல்பேட் கரைசல் இலேசான அமிலத்தன்மை உடையது. மெக்னீசியம் அதோடும் வினைபுரிந்து ஹைட்ரஜனை வெளியேற்றுகிறது. குமிழியைக் கண்டதும் இடப்பெயர்ச்சி (ஓர் உலோகம் இன்னோர் உலோகத்தைக் கரைசலிலிருந்து வெளியேற்றி அதன் இடத்தைப் பிடிப்பது) நடந்தது என்று முடிவு செய்யாதீர்கள். இடப்பெயர்ச்சிக்குச் சான்று படிவும் நிறமாற்றமும்தான்.

ஃபெரஸ் சல்பேட் (இரும்பின் சல்பேட்) கரைசலை அன்றே கரைத்து எடுங்கள். நாள்பட வைத்தால் காற்றிலுள்ள ஆக்சிஜன் அதைப் பழுப்பாக்கிவிடும். பிறகு எந்த நிறமாற்றமும் நம்பத்தக்கதாக இராது. இந்தக் கரைசலில் துத்தநாகத்தின் வினை மெதுவாகவே நடக்கும். தகட்டை வெளியே எடுத்து, வெள்ளைத்தாளின் மேல் வைத்து, அதன் பரப்பு கருத்திருக்கிறதா என்று பாருங்கள்.

பன்னிரண்டில் ஆறு கட்டங்களில் வினை நடந்திருக்க வேண்டும்: மெக்னீசியத்துக்கு மூன்று, துத்தநாகத்துக்கு இரண்டு, இரும்புக்கு ஒன்று, தாமிரத்துக்கு ஒன்றுமில்லை. அந்த எண்ணிக்கையே வரிசையைச் சொல்லிவிடுகிறது. ஆறுக்குப் பதில் ஏழு வந்தால், கரைசல் ஏதோ ஒன்றில் கலப்படம் இருக்கலாம்.

இப்போது எலக்ட்ரான் கேள்விக்கு வாருங்கள். இரும்பு அணு இரண்டு எலக்ட்ரானை விடுகிறது. தாமிர அயனி அவற்றை வாங்குகிறது. சல்பேட் அயனி தொடக்கத்திலும் இருந்தது, முடிவிலும் அப்படியே இருக்கிறது. ஆகவே அதைச் சமன்பாட்டிலிருந்து நீக்கிவிட்டு எழுதிப் பாருங்கள்:

இரும்பு அணு + தாமிர அயனி → இரும்பு அயனி + தாமிர அணு

இந்த ஒரு வரி புரிந்தால் காப்பர் சல்பேட், காப்பர் குளோரைடு, காப்பர் நைட்ரேட் மூன்றுக்கும் தனித்தனியாகப் படிக்க வேண்டியதில்லை. இங்கே உருவாகும் இரும்பு அயனி இரண்டு மின்சுமை உடையது. மூன்று என்று எழுதி மதிப்பெண் இழப்பவர்கள் மிகப் பலர்.

4. முழு வரிசையில் இரண்டு கோடுகள் போடுங்கள்

இப்போது புத்தக வரிசையை எடுத்துக்கொள்ளலாம்: பொட்டாசியம், சோடியம், கால்சியம், மெக்னீசியம், அலுமினியம், துத்தநாகம், இரும்பு, வெள்ளீயம், காரீயம், தாமிரம், பாதரசம், வெள்ளி, தங்கம்.

அலுமினியத்துக்கும் துத்தநாகத்துக்கும் இடையே ஒரு கோடு போட்டு “கார்பன்” என்று எழுதுங்கள். காரீயத்துக்கும் தாமிரத்துக்கும் இடையே இன்னொரு கோடு போட்டு “ஹைட்ரஜன்” என்று எழுதுங்கள். இவை இரண்டும் உலோகங்கள் அல்ல. ஆனால் தேர்வில் வரும் கேள்விகளில் பாதியை இந்தக் கோடுகளே தீர்த்துவைக்கும்.

கார்பன் கோட்டுக்குக் கீழே உள்ள உலோகங்களின் ஆக்சைடிலிருந்து கார்பன் ஆக்சிஜனைப் பிடுங்கும். எனவே இரும்பை ஊதுலையில் பிரிக்கலாம். கோட்டுக்கு மேலே உள்ளவற்றுக்குப் பொதுவாக மின்னாற்பகுப்புதான் வழி. ஹைட்ரஜன் கோட்டுக்கு மேலே உள்ளவை நீர்த்த அமிலத்திலிருந்து ஹைட்ரஜனை வெளியேற்றும். கீழே உள்ளவை வெளியேற்றா.

சோடியம் முதலா கால்சியம் முதலா என்பதில் நூல்கள் வேறுபடுவதைக் கண்டு கலங்க வேண்டாம். மின்முனை மின்னழுத்தத்தின்படி வரிசைப்படுத்தினால் கால்சியம் மேலே வரும் (கால்சியம் −2.87 வோல்ட், சோடியம் −2.71 வோல்ட்). நீரோடு வினை எவ்வளவு வேகம் என்று பார்த்து வரிசைப்படுத்தினால் சோடியம் மேலே வரும். லித்தியம் இன்னும் நல்ல சான்று: மின்னழுத்தத்தில் அதுதான் முதலிடம், −3.04 வோல்ட், நீரிலோ சோடியத்தைவிட அமைதியாகவே வினைபுரியும். எலக்ட்ரானை விடும் நாட்டம் ஒன்று, வினையின் வேகம் வேறொன்று. உங்கள் பாடநூலின் வரிசையைப் பின்பற்றுங்கள்.

5. உலோகமும் அமிலமும்

நான்கு சோதனைக்குழாய்களில் 5 மில்லி அமிலம் எடுத்து, ஏறத்தாழ ஒரே பரப்புள்ள துண்டுகளைப் போடுங்கள். பரப்பு ஒன்றாக இருப்பது முக்கியம். இரும்புத் தூளையும் துத்தநாகக் கட்டியையும் ஒப்பிட்டால் வேகத்தின் விடை பொய்யாகும். அமிலத்தின் செறிவும் வெப்பநிலையும்கூட ஒன்றாகவே இருக்கட்டும்.

மெக்னீசியம் பொங்கும், குழாய் சூடாகும். துத்தநாகம் சீராகக் குமிழிவிடும். இரும்பு மெதுவாக. தாமிரம் சும்மா கிடக்கும்.

நடப்பது முந்தைய படியில் கண்டதேதான். அமிலக் கரைசலில் ஹைட்ரஜன் அயனி இருக்கிறது. உலோகம் எலக்ட்ரானை விடுகிறது, ஹைட்ரஜன் அயனி வாங்குகிறது. தாமிர அயனி இருந்த இடத்தில் ஹைட்ரஜன் அயனி வந்து உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவே. ஹைட்ரஜனை வரிசைக்குள் ஒரு கோடாகப் போட்டதன் காரணம் இதுதான்.

வாயுவைச் சோதிக்க, குழாயின் வாயைக் கட்டைவிரலால் மெல்ல மூடி, அழுத்தம் உணரப்பட்டதும் எரியும் குச்சியை வாயருகே கொண்டுபோய் விரலை எடுங்கள். “பாப்” என்ற சத்தம் வரும். சத்தம் வராவிட்டால் பெரும்பாலும் விரலை எடுத்துவிட்டுக் குச்சியைத் தேடியிருப்பீர்கள். ஹைட்ரஜன் அதற்குள் மேலே போய்விடும். அணையும் நிலையில் கனலும் குச்சி ஆக்சிஜனுக்கு, எரியும் குச்சி ஹைட்ரஜனுக்கு. இந்த இரண்டையும் மாற்றி எழுதுவது விடைத்தாளில் ஓயாத பிழை.

இரும்பும் அமிலமும் வினைபுரியும்போது ஒரு கெட்ட வாசனை வரும். ஹைட்ரஜனுக்கு வாசனை உண்டு என்று குறிப்பேட்டில் எழுதிவிடாதீர்கள். இரும்பில் கலந்திருக்கும் சல்பைடு, கார்பைடு போன்றவை அமிலத்தோடு சேர்ந்து தரும் வாயுக்களின் வாசனை அது. ஹைட்ரஜன் மணமற்றது.

இனி விதிக்குப் பிடிகொடுக்காதவை போலத் தோன்றும் இடங்கள். இவற்றைக் காரணத்தோடு படித்தால் வரிசை இன்னும் உறுதியாக மனத்தில் நிற்கும்.

அலுமினியம் வரிசையில் துத்தநாகத்துக்கு மேலே இருந்தும், அமிலத்தில் முதலில் ஒன்றும் நடக்காது. ஆக்சைடு படலம் அவ்வளவு இறுக்கமானது. படலம் கரைந்ததும் வினை திடீரென்று வேகமெடுக்கும். குழாயை முகத்துக்கு நேரே பிடிக்காதீர்கள். இதே காரணத்தால் காப்பர் சல்பேட்டில் அலுமினியத் தாள் அசையாமல் கிடக்கும். அதில் சிறிது சோடியம் குளோரைடைச் சேருங்கள். குளோரைடு அயனி படலத்தைத் துளைத்துவிடுவதால் சிறிது நேரத்தில் தாள் பொத்தலாகி, செம்பழுப்புத் தாமிரம் குவிந்து, கரைசல் சூடேறும்.

காரீயம் ஹைட்ரஜனுக்கு மேலே இருந்தும் நீர்த்த கந்தக அமிலத்தில் வினை நின்றுவிடும். உருவாகும் லெட் சல்பேட் நீரில் கரையாது. அது உலோகத்தின் மேலேயே மூடியாகப் படிந்து அமிலத்தை அண்டவிடாது.

தூய துத்தநாகம் அமிலத்தில் வியக்கத்தக்க அளவு மெதுவாக வினைபுரியும். சில துளி காப்பர் சல்பேட் விட்டால் குமிழி பெருகும். துத்தநாகத்தின் மேல் தாமிரம் ஆங்காங்கே படிந்து, நுண்ணிய மின்கலங்கள் உருவாகின்றன. துத்தநாகம் விடும் எலக்ட்ரான்களை ஹைட்ரஜன் அயனிகள் தாமிரப் பரப்பில் எளிதாக வாங்கிக்கொள்கின்றன.

நைட்ரிக் அமிலத்தைத் தனியாக வையுங்கள். அது வலிமையான ஆக்சிஜனேற்றி. அதனால் தாமிரத்தையும் கரைக்கும். வருவது ஹைட்ரஜன் இல்லை, நைட்ரஜனின் ஆக்சைடுகள். மிக நீர்த்த நிலையில் மெக்னீசியத்தோடு ஹைட்ரஜன் தருவது இதற்கு விலக்கு.

கடைசியாக, தாமிரத் தகட்டைத் தேய்க்காமல் போட்டால் அமிலம் இலேசாக நிறம் மாறும். உடனே “தாமிரம் அமிலத்தோடு வினைபுரிகிறது” என்று எழுதத் தோன்றும். கரைந்தது மேலிருந்த காப்பர் ஆக்சைடு. குமிழி இல்லையே என்பதைக் கவனியுங்கள்.

6. அமிலத்தின் மற்ற வினைகளும் ஒரு பெரும் குழப்பமும்

மற்ற வினைகளை விரைவாகக் கடக்கலாம். உலோக ஆக்சைடோ ஹைட்ராக்சைடோ சேர்ந்தால் உப்பும் நீரும். கார்பனேட் சேர்ந்தால் உப்பும் நீரும் கார்பன் டை ஆக்சைடும். இவற்றில் எலக்ட்ரான் கைமாறுவதில்லை. ஹைட்ரஜன் அயனி ஆக்சைடு, ஹைட்ராக்சைடு அல்லது கார்பனேட்டோடு போய்ச் சேர்கிறது. அதனால்தான் தாமிரம் அமிலத்தில் கரையாவிட்டாலும் காப்பர் ஆக்சைடு கரைகிறது.

குழப்பம் எதில் என்றால், “அடர்” என்பதையும் “வலிமையான” என்பதையும் ஒன்றாக எடுத்துக்கொள்வதில். ஒரு லிட்டரில் எவ்வளவு அமிலம் கரைந்திருக்கிறது என்பது அடர்வு. கரைந்ததில் எவ்வளவு அயனியாகப் பிரிந்தது என்பது வலிமை. 1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் பி.எச் மதிப்பு (அமிலத்தன்மை கூடக் கூடக் குறையும் எண்) ஏறத்தாழ 0. அதே 1 மோலார் அசிட்டிக் அமிலத்துக்கு ஏறத்தாழ 2.4. அடர்வு ஒன்றுதான், வலிமை வேறு.

இதைச் சோதிக்க நல்ல கேள்வி ஒன்று உண்டு. இரண்டிலும் ஒரே கன அளவு எடுத்து, மிகுதியாக மெக்னீசியம் போட்டால் எதில் அதிக ஹைட்ரஜன் கிடைக்கும்? “வலிமையானதில்” என்று பலரும் எழுதுவார்கள். இறுதியில் இரண்டிலும் சமமாகவே கிடைக்கும். அசிட்டிக் அமிலத்தில் ஹைட்ரஜன் அயனி தீரத் தீர மிச்ச மூலக்கூறுகள் பிரிந்துகொண்டே இருக்கும். நேரம் மட்டும் கூடும்.

7. மின்னாற்பகுப்பு: கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

இதுவரை எலக்ட்ரான் தானாகக் கைமாறியது. மின்னாற்பகுப்பில் மின்கலம் அதை வலுக்கட்டாயமாகத் தள்ளுகிறது. எதிர்மின்முனையில் எலக்ட்ரான் தரப்படுகிறது, நேர்மின்முனையில் பிடுங்கப்படுகிறது. ஆகவே எதிர்மின்முனையில் ஆக்சிஜனொடுக்கம், நேர்மின்முனையில் ஆக்சிஜனேற்றம்.

எந்தக் கேள்வி வந்தாலும் இந்த வரிசையில் எழுதுங்கள்.

முதலில்: மின்பகுளி (மின்னாற்பகுக்கப்படும் பொருள்) உருகியதா, நீர்க்கரைசலா? இதைப் பார்க்காமல் எழுதத் தொடங்கினால் அடுத்த நான்கும் வீண்.

இரண்டாவது: உள்ளே எந்தெந்த அயனிகள்? நீர்க்கரைசல் என்றால் ஹைட்ரஜன் அயனியையும் ஹைட்ராக்சைடு அயனியையும் கட்டாயம் சேருங்கள். இவற்றை மறப்பதுதான் இந்தப் பாடத்தின் தலையாய பிழை.

மூன்றாவது: எது எந்த முனைக்கு? நேர் அயனி எதிர்மின்முனைக்கு, எதிர் அயனி நேர்மின்முனைக்கு.

நான்காவது: போட்டியில் முந்துவது யார்? எதிர்மின்முனையில், வரிசையில் கீழே இருப்பது முந்தும். எலக்ட்ரானை விட விரும்பாத உலோகத்தின் அயனி எலக்ட்ரானை வாங்க விரும்பும். தொடக்கத்திலிருந்து வரும் அதே கேள்வி, இங்கே தலைகீழாக நிற்கிறது. நேர்மின்முனையில், செறிந்த குளோரைடு, புரோமைடு, அயோடைடு இருந்தால் அவை. இல்லாவிட்டால் ஹைட்ராக்சைடு அயனி ஆக்சிஜனைத் தரும். சல்பேட்டும் நைட்ரேட்டும் அப்படியே கரைசலில் இருந்துவிடும்.

ஐந்தாவது: நேர்மின்முனை எதனால் ஆனது? கிராஃபைட், பிளாட்டினம் என்றால் நான்காவது கேள்வியின் விடை செல்லும். தாமிரம் போன்ற உலோகம் என்றால் முனையே கரையும்.

நான்காவது விதி பள்ளி அளவுக்குப் போதும், ஆனால் முழுமையானதன்று. துத்தநாகம் ஹைட்ரஜனுக்கு மேலே இருந்தும், துத்தநாக முலாம் நீர்க்கரைசலிலிருந்தே பூசப்படுகிறது. செறிவும் முனையின் பரப்பும் அங்கே விடையை மாற்றுகின்றன. தேர்வில் உங்கள் பாடநூல் சொல்லும் விதியையே எழுதுங்கள்.

8. காப்பர் சல்பேட்டை இரண்டு முறை மின்னாற்பகுத்துப் பாருங்கள்

ஒரே கரைசல், இரண்டு வகை முனை. இந்தப் பாடத்தில் ஒரே ஒரு செய்முறைக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள்.

100 மில்லி கரைசலுக்கு 12.5 கிராம் நீலப் படிகம் எடுத்தால் 0.5 மோலார் கிடைக்கும். முதல் முறை கிராஃபைட் கோல்களை, ஒன்றையொன்று தொடாமல், நிறுத்துங்கள். மின்தடை மாற்றியால் மின்னோட்டத்தைக் குறைவாக வையுங்கள்.

எதிர்மின்முனையில் இளஞ்சிவப்புத் தாமிரம் படியும். நேர்மின்முனையில் குமிழி. கரைசலின் நீலம் மெல்லக் குறையும், ஏனெனில் தாமிர அயனி போய்க்கொண்டே இருக்கிறது. ஈடுசெய்ய எதுவும் வருவதில்லை. ஹைட்ராக்சைடும் தீர்வதால் ஹைட்ரஜன் அயனியும் சல்பேட்டும் மிஞ்சும். நீல லிட்மஸ் தாளை நனைத்தால் சிவப்பது தொடக்கத்தைவிடத் தெளிவாகத் தெரியும்.

நேர்மின்முனைக் குமிழியைச் சேகரித்துக் கனலும் குச்சியால் சோதித்தால் சில நேரம் சரியாகப் பற்றாது. ஆக்சிஜனில் ஒரு பகுதி கிராஃபைட்டோடு சேர்ந்து கார்பன் டை ஆக்சைடு ஆவதே காரணம். முனை உதிர்வதையும் அடியில் கருந்தூள் தேங்குவதையும் பார்ப்பீர்கள்.

இரண்டாம் முறை, தேய்த்து எடை பார்த்த தாமிரத் தகடுகள். இப்போது குமிழியே இராது. நேர்மின்முனைத் தகடு மெலியும், எதிர்மின்முனைத் தகடு கனக்கும், நீலம் அப்படியே நிற்கும். ஒரு பக்கம் கரைவதும் மறுபக்கம் படிவதும் சமம். தாமிரத்தைத் தூய்மையாக்கும் முறை இதுவே.

மின்னோட்டத்தைக் கூட்டி நேரத்தை மிச்சப்படுத்த நினைக்காதீர்கள். அவசரமாகப் படியும் தாமிரம் கருத்த பொடியாக இருக்கும், கழுவும்போது உதிர்ந்து போகும், எடை பொய் சொல்லும். தகட்டை எடுத்ததும் நீரில் மெல்ல அமிழ்த்தி, பிறகு அசிட்டோனில் அமிழ்த்தி, காற்றில் உலரவிடுங்கள். சுடரில் காட்டினால் தாமிரம் ஆக்சைடாகி எடை கூடும், அசிட்டோன் தீப்பற்றும்.

9. உப்புக் கரைசல், உருகிய உப்பு, அலுமினியம்

செறிந்த சோடியம் குளோரைடு கரைசலை ஐந்து கேள்விகளில் போடுங்கள். எதிர்மின்முனையில் சோடியமும் ஹைட்ரஜனும் போட்டி, ஹைட்ரஜன் முந்தும். நேர்மின்முனையில் குளோரின். மிஞ்சுவது சோடியம் ஹைட்ராக்சைடு. “சோடியம் படியும்” என்று எழுதும் மாணவர் ஒரு கணம் நினைக்க வேண்டும்: நீரில் போட்டதும் வினைபுரியும் சோடியம் நீருக்குள் எப்படிப் படியும்?

இதை வீட்டில் செய்யாதீர்கள். குளோரின் நச்சு வாயு. உப்புக் கரைசலில் எவர்சில்வர் கரண்டிகளை முனையாக வைக்கும் பழக்கம் இன்னும் கேடு: நேர்மின்முனை கரைந்து, நச்சுத்தன்மையுள்ள குரோமியம் சேர்மங்கள் கரைசலில் சேரும். நீரின் மின்னாற்பகுப்பைக் காட்ட வேண்டுமானால் ஆய்வகத்தில் நீர்த்த சோடியம் சல்பேட்டும் உரிய முனைகளும் போதும்.

உருகிய சோடியம் குளோரைடில் நீரே இல்லை, போட்டியும் இல்லை. சோடியமும் குளோரினும் மட்டுமே.

அலுமினியம் ஆக்சைடு 2,000 டிகிரி செல்சியஸுக்கு மேல்தான் உருகும். அதனால் உருகிய கிரையோலைட் என்ற கனிமத்தில் அதைக் கரைத்து, ஏறத்தாழ 950 டிகிரியில் மின்னாற்பகுக்கிறார்கள். கிரையோலைட்டை வினையூக்கி என்று எழுதாதீர்கள், அது கரைப்பான். நேர்மின்முனையில் வரும் ஆக்சிஜன் கார்பன் முனையை எரித்துவிடுவதால் முனைகளை அடிக்கடி மாற்ற வேண்டியிருக்கிறது.

10. கணக்கை மூன்று தாவலில் முடியுங்கள்

0.5 ஆம்பியர் மின்னோட்டம் 30 நிமிடம். எவ்வளவு தாமிரம் படியும்?

முதல் தாவல், மின்னூட்டம்: 0.5 × 1,800 நொடி = 900 கூலும். நிமிடத்தை நொடியாக்க மறப்பவர்கள் இங்கேயே கவிழ்கிறார்கள்.

இரண்டாவது, எலக்ட்ரானின் மோல் (ஒரு மோல் எலக்ட்ரானின் மின்னூட்டம் 96,500 கூலும்): 900 ÷ 96,500 = 0.00933.

மூன்றாவது, தாமிரம்: ஒவ்வொரு அயனிக்கும் இரண்டு எலக்ட்ரான் வேண்டும், ஆகவே 0.00466 மோல். அதை ஒரு மோல் தாமிரத்தின் எடையான 63.5 ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 0.30 கிராம்.

இதை எட்டாம் படியின் எடையோடு ஒப்பிடுங்கள். விடை இரு மடங்காக வந்தால் இரண்டால் வகுக்க மறந்துவிட்டீர்கள். எடை குறைவாக இருந்தால் பொடி உதிர்ந்திருக்கும், அல்லது மின்னோட்டம் இடையில் குறைந்திருக்கும். அம்மீட்டரை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை குறித்து வையுங்கள்.

அமிலக் கணக்கும் இதே பாணிதான். 0.12 கிராம் மெக்னீசியம் என்றால் 0.005 மோல். ஒவ்வொரு அணுவும் இரண்டு எலக்ட்ரானை விடும். ஒரு ஹைட்ரஜன் மூலக்கூறு உருவாக இரண்டு எலக்ட்ரான் போதும். எனவே 0.005 மோல் ஹைட்ரஜன். அறை வெப்பநிலையில் ஒரு மோல் வாயு 24 லிட்டர் என்று கொண்டால் 120 மில்லி. தேவைப்படும் 1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 10 மில்லி. 20 மில்லி ஊற்றினாலும் ஹைட்ரஜன் 120 மில்லியைத் தாண்டாது.

நீரின் மின்னாற்பகுப்பில் ஹைட்ரஜன் இரண்டு பங்கு, ஆக்சிஜன் ஒரு பங்கு வருவதையும் எலக்ட்ரானை எண்ணியே விளக்கலாம்: ஓர் ஆக்சிஜன் மூலக்கூறு உருவாகும்போது நான்கு எலக்ட்ரான் வெளியேறும், அந்த நான்கும் இரண்டு ஹைட்ரஜன் மூலக்கூறை உருவாக்கும்.

11. கரைசல்களைக் கொட்டும் முன்

காப்பர் சல்பேட்டை அப்படியே கழிவுநீரில் விடக் கூடாது. தாமிர அயனி நீர்வாழ் உயிர்களுக்கு நஞ்சு. மீந்த கரைசல்களை ஒரு பீக்கரில் சேர்த்து, தேய்த்த இரும்புக் கம்பளியைப் போட்டு மறுநாள் வரை விடுங்கள். நீலம் மறைந்திருந்தால் தாமிரம் வீழ்ந்துவிட்டது. வடிகட்டி, திண்மத்தை உங்கள் ஆய்வகத்தில் உலோகக் கழிவுக்கென வைத்திருக்கும் கலத்தில் போடுங்கள். நீர்மத்தை எங்கே ஊற்றுவது என்று ஆசிரியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நீலம் இன்னும் மிச்சமிருந்தால், இன்னும் கொஞ்சம் இரும்பு.